பருத்தித் துரை கடையில் சாப்பிட்ட மதியம்

வெள்ளைப் பீங்கான் தட்டு, ஓரத்தில் நீலக் கோடு. அதில் விரல் நீளத்துக்குச் சுருட்டிய பச்சை இலைகள் ஆவி பறக்க ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. மேலே எலுமிச்சம்பழம் பிழிந்திருந்தது. அந்தத் தட்டில் எனக்குத் தெரிந்த வாசனை அது ஒன்றுதான். நாற்காலியில் உட்கார்ந்து, மேஜைமேல் வைத்து, என் வீட்டுக்காரரின் முகத்துக்கு நேர் எதிரே இருந்து நான் சாப்பிடப்போகிற முதல் சோறு அது. அதை எந்தப் பக்கம் தொடுவது என்றே புரியவில்லை. கல்யாணமாகி ஆறேழு வருஷம் ஓடியிருந்தது. அவருக்குப் பரிமாறியிருக்கிறேன், சாப்பிடும்போது கதவோரம் நின்றிருக்கிறேன், ஆனால் அவர் மெல்லுவதை எதிரே உட்கார்ந்து பார்த்ததில்லை. மெல்லும்போது அவருக்கு இடது காது லேசாக அசையும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

போன மாதம் எங்கள் வீட்டுப் பையன் ஒருவன், நாத்தனாரின் பேரன், என்னைக் கோயமுத்தூரில் புதிதாகத் திறந்த ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிப்போனான். கண்ணாடிக் கதவு, குளிர்ந்த காற்று, மெனு கார்டில் வாயில் நுழையாத பெயர்கள். முள்கரண்டியை எப்படிப் பிடிப்பது என்று எனக்குக் காட்டித்தர முன்வந்தான். “தம்பி, நீ பொறக்கறதுக்கு முன்னாடி, உங்கப்பன் பொறக்கறதுக்கும் முன்னாடி, நான் இதே ஊருல கிரேக்க தேசத்துக்காரர் கடையில சாப்பிட்டவ” என்றேன். அவன் சிரித்தான். அவன் மனைவியும் சிரித்தாள். வயசானால் இப்படித்தான் எதையாவது சொல்வார்கள் என்ற மாதிரி இருந்தது அந்தச் சிரிப்பு. அந்தக் கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எழுதுவதில் ஒரு சங்கடம் உண்டு. என் வீட்டுக்காரரின் பெயரை நான் சொல்வதில்லை. ரேஷன் கார்டுக்குப் பெயர் எழுத வந்தவரிடம்கூடப் பக்கத்து வீட்டுப் பெண்ணை அழைத்துச் சொல்லச் சொன்னவள் நான். பேச்சில் ‘மாமா’ என்பேன், வெளியாட்களிடம் ‘எங்க வீட்டுக்காரர்’ என்பேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

எங்கள் ஊர் வெள்ளகோவிலுக்குப் பக்கம். மானம் பார்த்த பூமி, கம்பும் சோளமும் பருத்தியும்தான். கிணறு இருந்த தோட்டத்தில் கம்போடியாப் பருத்தி போடுவார்கள். பருத்தி எடுத்து முடிந்ததும் வீட்டுக்காரர்தான் வண்டி கட்டிக்கொண்டு திருப்பூருக்கும், சில வருஷம் கோயமுத்தூருக்கும் கொண்டுபோவார். வெளிநாட்டுப் பருத்திக் கம்பெனி ஒன்று அங்கே கிடங்கு வைத்திருந்தது. பஞ்சை இரண்டு கட்டைவிரலுக்கு நடுவே இழுத்துப் பார்த்துத் தரம் சொல்லும் துரை ஒருவர் அங்கே இருந்தார். அவரை எல்லாரும் வெள்ளைக்காரத் துரை என்றே நினைத்தார்களாம். அவரோ, “நான் இங்கிலீசுக்காரன் இல்லீங்க, கிரேக்க தேசத்துக்காரனுங்க” என்று பார்க்கிறவரிடமெல்லாம் திருத்திக்கொண்டிருப்பாராம். நம் விவசாயிகளுடன் களத்திலும் கிடங்கிலும் உட்கார்ந்தே தமிழ் படித்தவர். அதனால் மரியாதை இல்லாத தமிழ் அவருக்குத் தெரியாது. அவர் வளர்த்த பூனையைக்கூட “உள்ள வாங்க, பால் குடிங்க” என்றுதான் கூப்பிடுவார் என்று வீட்டுக்காரர் சொல்லி நான் வாயை முந்தானையால் பொத்திச் சிரித்திருக்கிறேன்.

முப்பதுகளின் ஆரம்பத்தில் பருத்தி விலை சரிந்ததே, அப்போது கம்பெனி ஆட்களைக் குறைத்தது. துரைக்கும் வேலை போயிற்று. கப்பலேறி ஊருக்குப் போகாமல், ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சந்தில் ஓர் ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்துச் சாப்பாட்டுக் கடை போட்டுவிட்டார். நீலகிரிக்கு ரயில் மாறுகிறவர்கள், மில்லுக்கு இயந்திரம் பூட்ட வந்த வெள்ளைக்காரர்கள், ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், சில பருத்தித் தரகர்கள், இவர்கள்தான் அவருடைய வாடிக்கை. கடைக்கு ஒரு பெயர் வைத்து இங்கிலீஷில் பலகை மாட்டியிருந்தார். ஊர்க்காரர்களுக்கு அது பருத்தித் துரை கடை. வீட்டுக்காரர் கோயமுத்தூர் போகும்போதெல்லாம் அவரைப் பார்க்காமல் வரமாட்டார். “ஒருக்கா அம்மணியக் கூட்டிட்டு வாங்க” என்று துரை ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுவாராம். கடையில் போய்ப் பெண்கள் சாப்பிடுவதா? அந்தக் காலத்தில் காபி கிளப்புக்குள் எட்டிப் பார்த்த பெண்ணே எங்கள் பக்கம் கிடையாது.

இப்போது எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். இன்றைய பிள்ளைகளுக்கு இது கோபத்தைத் தரும், தரட்டும். சாப்பிடும் தட்டை நாங்கள் வட்டல் என்போம். வெண்கலத்தில், ஓரம் உயர்ந்து, கனமாக இருக்கும். ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு, அவரவர் மனைவி அந்த வட்டலிலேயே சோறு போட்டுச் சாப்பிட வேண்டும். கழுவாமல்தான். புதிதாக வந்தபோது எனக்கு அழுகை வந்தது. அப்புறம் ஒரு நாள், மிச்சமிருந்த கம்மஞ்சோற்றைக் கிளறினால் அடியில் ஒரு துண்டு ஒப்புட்டு இருந்தது, டவுனில் போளி என்பார்களே, அது. மாமியார் எனக்கு எடுத்து வைக்க மறந்த ஒப்புட்டு. இவர் தன்னுடையதில் பாதியைப் பிட்டு, சோற்றுக்குள் புதைத்து வைத்துவிட்டுக் கைகழுவப் போயிருந்தார்.

அதற்குப் பிறகு அது எங்கள் இருவருக்குள் ஒரு பழக்கமாகிவிட்டது. பகலில் புருஷனும் பெண்டாட்டியும் நாலு வார்த்தை பேசினாலே வீட்டில் இருமல் சத்தம் கேட்கும். பேச முடியாததையெல்லாம் அவர் வட்டலில் வைத்தார். கறி சமைத்த நாளில் ஈரல் துண்டு. வெல்லக் கட்டி. எனக்குக் காய்ச்சல் என்றால் தயிரைத் தொடாமல் ஓரமாக ஒதுக்கிய ரசஞ்சோறு. சண்டை போட்ட நாளில் ஒன்றுமே இருக்காது, துடைத்த மாதிரி இருக்கும். எனக்கும் அது போதும், புரிந்துகொள்வேன். யார் எச்சிலை யார் தின்பது என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் பேசலாம். எனக்கு அது தினமும் வந்துகொண்டிருந்த கடுதாசி.

கல்யாணமான இரண்டாம் வருஷம் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அழவே இல்லை. அன்றைக்குப் போன உயிர் அது ஒன்றுதான் என்றாலும், என் உயிரும் போய்த்தான் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் தங்கவில்லை. நாலைந்து வருஷம் பார்த்தார்கள். அப்புறம் வீட்டில் பேச்சு ஆரம்பித்தது. மாமியார் கெட்டவர் இல்லை, என்னை அடித்ததோ திட்டியதோ கிடையாது. ஆனால் தோட்டமும் காடும் கண்ணெதிரே கிடக்க, அடுத்து யார் என்று கேட்கத்தானே செய்வார். பேச்சை முன்னால் நின்று நடத்தியவர் என் பெரிய நாத்தனார், வீட்டுக்காரரின் அக்கா. பக்கத்து ஊரில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தார். குரல் வாசலில் கேட்டால் கோழிகூடக் கூட்டுக்குள் போய்விடும், அப்படி ஒரு அதிகாரம். அவர் புகுந்த வீட்டுச் சொந்தத்தில் ஒரு பெண் இருந்தாள். என்னைத் தள்ளிவைக்கப் போவதில்லை, நானும் இருக்கலாம், அவளும் வரலாம் என்பது ஏற்பாடு. அந்தக் காலத்தில் அது ஊருக்குள் அதிசயமும் இல்லை.

இவர் வாயைத் திறக்கவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அம்மாவும் அக்காவும் சேர்ந்து நெருக்கிய ஒரு நாள், “ஒருக்கா கோயமுத்தூர்ல டாக்டரம்மாகிட்டக் காட்டிப்போடலாமுங்க. அதுக்கப்பறம் பாத்துக்கலாம்” என்றார். அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ‘அதுக்கப்பறம்’ என்ற அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. டாக்டர் நல்லபடியாகச் சொன்னால் சரி. இல்லையென்றால் அந்தப் பெண் வருவாள் என்றுதானே அர்த்தம்? வட்டலைப் பார்த்தேன். அந்த நாட்களில் அதில் முக்கால்வாசிச் சோறு அப்படியே இருந்தது. மனிதர் சாப்பிடவே இல்லை. அதை வைத்து நான் என்ன கண்டுபிடிக்க?

துணைக்கு நாத்தனார் வந்தார். துணை என்பது பேச்சுக்கு. டாக்டர் சொல்வதைத் தன் காதால் கேட்டுவர வேண்டும் என்பது மாமியாரின் உத்தரவு. காங்கேயம் வழியாகத் திருப்பூர் வரை பஸ், அங்கிருந்து ரயில். முந்தின நாளே போய் உக்கடத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கினோம். குளத்திலிருந்து வந்த காற்று நன்றாக இருந்தது, எனக்குத்தான் தூக்கம் இல்லை. காலையில் ஆஸ்பத்திரி. வெள்ளைக்கார டாக்டரம்மா பொறுமையாகப் பார்த்தார். கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். அவர் சொன்னதைத் தமிழ் நர்ஸ் எடுத்துச் சொன்னாள். முதல் பிரசவத்தில் உள்ளே ரொம்பக் கெட்டுப்போய்விட்டது, இனி எதிர்பார்க்க வேண்டாம். வராந்தாவில் நின்ற வீட்டுக்காரரிடமும் அதையே சொன்னாள். பக்கத்திலிருந்த நாத்தனார், “அப்படீங்களா” என்றார். சந்தோஷம் என்று சொல்லமாட்டேன். வந்த வேலை முடிந்தது என்ற குரல் அது.

வெயிலில் வெளியே வந்தோம். கொஞ்ச தூரம் நடந்ததும் வீட்டுக்காரர் திரும்பி, “பசிக்குதுங்களா அக்கா?” என்றார்.

“ரயிலுக்கு நேரமிருக்குதல்ல. பொம்பளைங்க உக்கார்ற எடம் இருந்தாப் பாரு” என்றார் நாத்தனார்.

“இருக்குதுங்க” என்று சொல்லிவிட்டு அவர் முன்னால் நடந்தார். சந்துக்குள் நுழைந்து, பலகையைப் பார்த்த பிறகுதான் எங்கே வந்திருக்கிறோம் என்று எனக்கே தெரிந்தது. இன்றைக்குப் போய் ஏன் இங்கே கூட்டிவந்தார்? கடைசியாக ஒரு நல்ல காரியம் பண்ணிவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ என்று என் புத்தி போயிற்று. தூக்குத் தண்டனைக்காரனுக்குப் பிடித்த சாப்பாடு வாங்கித் தருவார்களாமே, அந்த மாதிரி.

உள்ளே நாலைந்து மேஜைகள். நீலப் பெயின்ட் அடித்த நாற்காலிகள், சிலதுக்குக் கால் ஆடும். ஒரு மேஜையில் கவுன் போட்ட அம்மா ஒருத்தியும் ரயில்வே தொப்பி வைத்த ஆளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பின்கதவு திறந்திருந்தது, அங்கே திராட்சைக் கொடி பந்தலில் படர்ந்து சமையல்கட்டு வரை நிழல் கொடுத்தது. துரை இடுப்பில் துணியைக் கட்டிக்கொண்டு, கையெல்லாம் மாவோடு ஓடிவந்தார். பருத்த உடம்பு, நரைத்த மீசை. “வாங்க வாங்க! அம்மணி, வாங்க! அக்காவா? வாங்க அக்கா, உக்காருங்க!” என்று ஒரே அமர்க்களம். எங்கள் முகத்தைப் பார்த்ததும் குரலைக் குறைத்துக்கொண்டார். என்ன ஏது என்று கேட்கவில்லை.

நாத்தனார் நாற்காலியைச் சற்றே திருப்பிப் போட்டுக்கொண்டு, கடைக்குள் இருந்தும் இல்லாத மாதிரி உட்கார்ந்தார். “எனக்கு ஒண்ணும் வேண்டாம்” என்று சொல்லிவிட்டார். அந்தத் தட்டில் முந்தி யார் யார் சாப்பிட்டார்களோ, அடுப்பில் என்னென்ன வெந்ததோ என்பது அவர் கவலை. டவுனில் மற்ற கிளப்புகளில் யார் எங்கே உட்காரலாம், யார் வாசலோடு நிற்க வேண்டும் என்றெல்லாம் கண்டிப்பு இருந்தது. துரை கடையில் அது எதுவும் இல்லை, வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். அதுதான் நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. துரைக்கு நம் ஆட்களின் சங்கதி தெரியாதா? உள்ளே போய் ஒரு கோலி சோடாவும் இரண்டு மலைவாழைப்பழமும் கொண்டுவந்து வைத்தார். “தோலோட இருக்குதுங்க அக்கா. சோடாவும் மூடியே இருக்குதுங்க. ஆரும் தொடலீங்க” என்றார். நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டு பழத்தை எடுத்தார்.

அப்புறம் அந்த நீலக் கோட்டுத் தட்டு வந்தது. “ஆட்டுக்கறியும் அரிசியுமுங்க. வேற எதுவும் இல்லீங்க, சத்தியமுங்க” என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் வெள்ளரிக்காய் போட்ட கெட்டித் தயிர், துண்டு போட்ட ரொட்டி. தட்டை நடுவில் வைத்தார். அவர்கள் ஊரில் அப்படித்தானாம், எல்லாரும் ஒரே தட்டிலிருந்து எடுத்துக்கொள்வார்களாம். எங்கள் இருவர் முன்னாலும் ஆளுக்கொரு வெறும் தட்டு வைத்தார். வீட்டுக்காரர் பாதியை என் தட்டில் தள்ளிவிட்டார். “சாப்பிடு” என்றார். அவர் கையால் எனக்குப் போட்ட முதல் பரிமாறல் அது.

எனக்குத் தெரிந்த முறையில் சாப்பிட்டேன். இலையில் கட்டிய சோறு என்றால் பொட்டலச் சோறுதானே? பொட்டலத்தைப் பிரித்துத்தானே சாப்பிட வேண்டும்? ஒவ்வொரு சுருளாக எடுத்து, விரலால் பிரித்து, உள்ளே இருந்த சோற்றையும் கறியையும் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. இவ்வளவு துக்கத்திலும் இந்த வயிறு வெட்கமில்லாமல் பசிக்கிறதே என்று எனக்கே என்மேல் எரிச்சல். பிரித்த இலைகளைத் தட்டின் ஓரத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக, ஒழுங்காக அடுக்கிவைத்தேன். தலை நிமிரவே இல்லை. அதனால் அவர் எப்படிச் சாப்பிடுகிறார் என்பதையும் கவனிக்கவில்லை.

முடித்துவிட்டுப் பார்த்தால், பக்கத்து மேஜையின் கவுன்காரி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். தொப்பிக்காரர் மேற்கூரையைப் பார்க்கிறார். துரை என் பக்கத்தில் வந்து நின்றார். என் தட்டைப் பார்த்தார். சிரிக்கவில்லை. குனிந்து, மெதுவான குரலில், “எலையும் திங்கறதுதானுங்க அம்மணி. என்ற பொடக்காலில வளந்த எலைதானுங்க, கொழுந்தாப் பறிச்சதுங்க” என்றார். பொடக்காலி என்றால் கொல்லைப்புறம், அங்கே பந்தலில் படர்ந்திருந்த திராட்சைக் கொடியின் இலை. வெறும் பொட்டலம் கட்டிய இலை இல்லையாம், இலையோடு சேர்த்துக் கடித்துத் தின்பதற்காகவே வேகவைத்ததாம்.

சாதாரண நாளாக இருந்தால் நானே சிரித்திருப்பேன். நாம் இலையில் சாப்பிடுகிறவர்கள், இவர்கள் இலையையே சாப்பிடுகிறார்கள் என்று ஊரில் போய்ச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பேன். அன்றைக்கு முடியவில்லை. ஆஸ்பத்திரியில் வராத அழுகை அந்தக் கவுன்காரியின் கைக்குட்டையைப் பார்த்ததும் வந்தது. பிள்ளையும் பெறத் தெரியவில்லை, சோறும் தின்னத் தெரியவில்லை. எனக்கு அப்படித்தான் தோன்றியது.

“நல்லாக் கூட்டிட்டு வந்தே” என்றார் நாத்தனார், தம்பியைப் பார்த்து. “நாலு பேரு சிரிக்கறதுக்குன்னு.”

துரை, “பரவாயில்லீங்க, வேற கொண்டாரேன்” என்று சொல்லி என் தட்டை எடுக்கக் கை நீட்டினார். அதற்குள் வீட்டுக்காரரின் கை தட்டின்மேல் விழுந்தது. துரையிடம், “இருக்கட்டுமுங்க” என்றார். தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் பிரித்து, என் விரல் பட்டு, என் எச்சில் பட்டுக் கிடந்த இலைகளில் மேலே இருந்ததை எடுத்தார். மடித்தார். வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்தார்.

“தம்பி!” நாத்தனார் சோடா பாட்டிலை மேஜைமேல் வைத்த சத்தம் பெரிதாகக் கேட்டது. “அது அவ எச்சில்டா.”

“தெரியுமுங்க அக்கா.”

அடுத்ததை எடுத்தார். அவசரம் இல்லை, அலட்டல் இல்லை. வரப்பில் உட்கார்ந்து பழைய சோறு சாப்பிடுகிற மாதிரி சாப்பிட்டார். எங்கள் ஊரில் எந்த ஆம்பிளையும் எந்தக் காலத்திலும் செய்யாத காரியம் அது. பெண்டாட்டி தின்று மிச்சம் வைத்ததைத் தின்றவன் என்று பெயர் வந்தால், ஊர்க்கூட்டத்தில் அவன் பேச்சு எடுபடாது, மச்சான் மாப்பிள்ளைகள் சாகும்வரை கேலி பேசுவார்கள். அவருக்கு அது தெரியும். அக்கா எதிரே உட்கார்ந்திருக்கிறார் என்பதும் தெரியும். தெரிந்துதான் ஒவ்வொன்றாக எடுத்தார். அவர் காது அசைவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கண்ணீர் அதுபாட்டுக்கு வந்துகொண்டிருந்தது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை. ஆறேழு வருஷமாக வட்டலில் எனக்கு எழுதிக்கொண்டிருந்த மனிதர், ஊரறிய ஒரு பதில் எழுதுகிறார் என்று புரிந்தது. இந்த மனிதரை யாருக்கும் பங்கு கொடுக்க வேண்டியதில்லை.

கடைசி இலையை விழுங்கிவிட்டுத் தண்ணீர் குடித்தார். “நல்லாத்தான் இருக்குது. கொஞ்சம் புளிக்குது” என்றார். துரை உள்ளே போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தார். நாங்கள் புறப்படும்போது என்னிடம், “மறுக்கா வாங்க அம்மணி” என்று மட்டும் சொன்னார். மறுபடி நான் போகவில்லை. யுத்தம் வந்த பிறகு அந்தக் கடை இல்லாமல் போயிற்று. துரை பம்பாய் போனார் என்றார்கள், இல்லை ஊருக்கே போய்விட்டார் என்றும் சொன்னார்கள். திராட்சைப் பந்தல் இருந்த இடத்தில் இப்போது லாட்ஜ் நிற்கிறது.

பல வருஷம் கழித்து ஒரு நாள் துணிந்து கேட்டேன். “ஏனுங்க மாமா, அன்னைக்கு எதுக்குங்க அப்படிப் பண்ணுனீங்க?” அவர் மாட்டுக்குத் தீவனம் கலக்கிக்கொண்டிருந்தார். திரும்பாமலே, “நல்ல எலை. வீணாப் போகுமல்ல” என்றார். அவ்வளவுதான் அவரிடம் கிடைக்கும். எனக்கு அதற்குமேல் வேண்டியும் இருக்கவில்லை. அவர் போய் வெகுநாளாகிவிட்டது. எவர்சில்வர் தட்டில் தனியாகப் போட்டுச் சாப்பிடுகிறேன், யார் எச்சிலும் இல்லை, சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் வாய் எடுக்கும்போது அவரை நினைக்காமல் ஒரு நாளும் எடுத்ததில்லை. அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும். இந்த வயசில் சொல்வதற்கென்ன வெட்கம்.

அன்றைக்கு ஊர் திரும்பியதைச் சொல்லிவிடுகிறேன். ரயிலிலும் பஸ்ஸிலும் நாத்தனார் என்னிடமும் பேசவில்லை, தம்பியிடமும் பேசவில்லை. சாப்பிடாமல் வைத்திருந்த இரண்டாவது வாழைப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தார். என்ன கணக்குப் போடுகிறாரோ, வீட்டில் போய் எதை முதலில் சொல்லுவாரோ என்று எனக்கு உதறலாக இருந்தது. டாக்டர் சொன்னது ஒன்று போதும், மாமியார் மறுநாளே அந்தப் பெண் வீட்டுக்கு ஆள் அனுப்புவார். அதோடு எச்சில் விஷயமும் சேர்ந்தால் நான் அந்த வாசலில் நிற்கவே முடியாது. காங்கேயம் தாண்டியதும் நாத்தனார் என் பக்கம் திரும்பாமலே அந்தப் பழத்தை என் மடியில் வைத்தார்.

போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. மாமியார் வாசலிலேயே நின்றார். வீட்டுக்காரர் மாட்டுக் கட்டுத்தரைப் பக்கம் போய்விட்டார். “டாக்டரம்மா என்ன சொன்னாங்க?” என்று மாமியார் மகளைத்தான் கேட்டார்.

நாத்தனார் செருப்பைக் கழற்றிவிட்டு, தொட்டியில் தண்ணீர் மோந்து காலில் ஊற்றிக்கொண்டார். நான் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“டாக்டரு சொன்னதைக் கேட்டு நம்ம என்ன ஆத்தா பண்றது?” என்றார். “நான் பேசி வெச்ச பேச்சை நானே போய் வேண்டாம்னு சொல்லிப்போட்டு வாரேன். எங்கூட்டுல நாலு வார்த்தை கேக்கோணும், கேட்டுக்கறேன். உன்ற மகன் இனி வேற வட்டல்ல கை வெக்க மாட்டான். நான் கண்ணால பாத்துட்டு வந்துட்டேன்.”

மாமியார் என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். கட்டுத்தரையில் மாட்டோடு பேசுகிற வீட்டுக்காரரின் குரல் கேட்டது. மாமியார் வாசலைவிட்டு விலகி வழிவிட்டு, “ஏம்புள்ள, நின்னுட்டே இருக்கறே? காலைக் களுவிட்டு உள்ள வா, சோறு ஆறுது” என்றார். நான் உள்ளே போனேன்.